பார்வையிடப்பட்டது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர நான் நலம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? மாத்திரை கொடுத்தார்களா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். நீ எழுதிய பதிலில் பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் பதில் சொல்வது உன் அப்பாவின் குணம். அவர் போயும் அது போகவில்லை.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். தையல்காரியின் கை, ஊசியைப் பிடித்த அளவுக்குப் பேனாவைப் பிடித்ததில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சேதி சொல்கிறேன், கோபப்படாமல் படி. நீ அனுப்பிய படங்கள் சுவரில் ஏறப்போகின்றன. நம் வீட்டுச் சுவரில் இல்லை, நூலகத்து மாடியில். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்களே, அந்த இரண்டு அறைகளையும் காலி செய்து வெள்ளையடித்து, ‘மக்கள் கலைக்கூடம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து வைக்கலாமாம். ஆளுக்கு ஆறடிச் சுவர். ஸ்கூட்டர் மெக்கானிக் பழைய செயினை வளைத்துப் பறவைகள் செய்து வைக்கிறார். மருந்துக்கடைக்காரரின் மனைவி பூட்டிய கதவுகளாகத் தேடித் தேடிப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதையெல்லாம் நடத்துவது ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர் ஒருவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி, எப்போதும் தேடிக்கொண்டிருப்பது மூன்றாவது கண்ணாடி. உடுப்பைச் சிறிதாக்கக் கடைக்கு வந்தவர், என் மெஷினுக்கு மேலே நான் ஒட்டி வைத்திருந்த உன் தண்ணீர்க் குழாய்ப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “இந்தச் சொட்டு இப்ப விழுந்துரும்போல இருக்கே, யாரு போட்டது?” என்றார். என் மகன் என்றேன். அந்த வார்த்தையை வெளியாரிடம் நிமிர்ந்து சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று! வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். செருப்பு வரிசை, ஜன்னல், பெரிய கரண்டி, துவைத்துப் போட்ட போர்வை, சைக்கிள், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். அவர் சைக்கிளைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

உன்னைக் கேட்காமல் சரி என்று சொன்னது தப்புத்தான். ஆனால் நான் கேட்டு, நீ பதில் எழுதி, அது இங்கே வந்து சேர்வதற்குள் அந்த ஆறடி வேறு யாருக்காவது போய்விடும். உனக்கு ஆறடிச் சுவர் கிடைக்கிறது என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வேறு எதற்கு நான் ஆசைப்பட்டேன் சொல்?

ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘கலைஞரைப் பற்றி நான்கு வரி’ என்று அதில் ஒரு கட்டம். கலைஞராம்! சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ‘வேன் ஓட்டுபவர். இப்போது வெளியூரில் இருக்கிறார்’ என்று எழுதினேன். ஒன்றரை வரிதான் ஆயிற்று. மீதி இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

இனி முத்திரை விஷயம். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நீ அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் ஊதா மையில் வட்டமாக ஒன்று குத்தி வருகிறது. சுற்றிலும் அந்த இடத்தின் பெயர், நடுவில் ‘பார்வையிடப்பட்டது’. டீச்சரிடம் காட்டும்போது ஒவ்வொன்றிலும் என் கட்டைவிரலை அதன்மேல் வைத்தே பிடித்துக்கொண்டேன். பிறகு பிரேம் கடைக்காரரிடம் கொண்டுபோய், படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டையை முத்திரை மறைகிற அளவுக்கு அகலமாக வெட்டச் சொன்னேன். “படமும் கொஞ்சம் உள்ள போயிடும்க்கா, பரவாயில்லையா?” என்றார். போகட்டும் என்றேன். கறை பட்ட இடத்தை உள்ளே மடித்துத் தைப்பதுதானே இருபது வருஷமாக என் பிழைப்பு. ஐந்து படங்களில் முத்திரை மூலையில்தான் இருந்தது. சைக்கிளில் மட்டும் ஐயா என்ன அவசரத்தில் இருந்தாரோ, கைப்பிடிக்குக் கீழே, அங்கே தொங்குகிற பையின் மேலேயே குத்திவிட்டார். அட்டை வைத்ததும் பையின் காது மட்டும் வெளியே நிற்கிறது, பை உள்ளே போய்விட்டது. போனால் போகிறது, சைக்கிள் முழுசாக இருக்கிறது.

அந்தப் படத்துக்குத் தலைப்பு கேட்டார்கள். ‘அப்பாவின் சைக்கிள்’ என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்னால் குட்டி இருக்கை வைத்து உன்னை உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றினாரே, அதை நீ எவ்வளவு ஞாபகமாக வைத்திருக்கிறாய்! இருக்கையின் முதுகில் வாத்துப் படம் இருந்தது எனக்குத்தான் மறந்துபோயிற்று. ஆனால் ஒன்று, வாத்துக்கு ஒரு கண்ணை வைக்காமல் விட்டுவிட்டாயே, பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

இன்னும் மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமையில் திறக்கிறார்கள். நான் பச்சைப் புடவை கட்டிக்கொள்வேன். பல்லைக் கவனி. இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும்தான், நாள்காட்டியில் கிழித்துக்கொண்டே வருகிறேன். உடம்பும் மனசும் கெடாமல் நீ வந்து சேர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன்
அம்மா


என் மகனுக்கு,

உன் கடிதம் இன்று திங்கட்கிழமை வந்தது. உள்ளே ஒரே ஒரு வரி. ‘அம்மா, சைக்கிள் படத்தை மட்டும் வைக்காதே, அது அப்பா சைக்கிள் இல்லை.’ தேதியைப் பார்த்தேன். நீ எழுதிப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. படித்து, முத்திரை குத்தி, கட்டுக் கட்டி அனுப்ப அங்கே பதினோரு நாள் ஆகியிருக்கிறது. நான் யாரைத் திட்டுவது? உன்னைக் கேட்காமல் ஆசைப்பட்ட என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

அது யாருடைய சைக்கிள் என்று சனிக்கிழமையே தெரிந்துவிட்டது மகனே. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

காலையில் கூட்டம் நன்றாகத்தான் வந்தது. மாடிவீட்டு ஒலிபெருக்கி இருக்கிறாளே, அவள் வந்து, “இது நம்ம தையல்காரக்கா பையன் போட்டதாக்கும்!” என்று இரண்டு அறைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அடுத்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறாய் என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கின் பறவைகளிடம் விட்டேன். அவற்றுக்குக் காது கிடையாது.

பதினோரு மணி இருக்கும். கீழே நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு ஒரு பெண் மாடிக்கு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கூட ஒரு சிறுமி, ஆறு வயது. இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் போல, கண்ணில் பட்ட அட்டையை எல்லாம் விரல் வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நம் சுவருக்கு வந்தாள். “அப்...பா...வின் சைக்...கிள்” என்று படித்தாள். நான் அவள் படிக்கிற அழகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தாள். “ஆமாம்மா, அப்பா சைக்கிள்!” என்றாள்.

அந்தப் பெண் முதலில் சும்மா தலையாட்டினாள். சிறுமி விடவில்லை. “நம்ம சைக்கிள்மா! வாத்தைப் பாரு, கண்ணு இல்ல. நான்தானே சுரண்டினேன்!” என்றாள். கைப்பிடியில் பூப்போட்ட துணி சுற்றியிருக்கிறதே, அது தன் பழைய கவுன் என்றாள். அந்தப் பெண் படத்துக்குக் கிட்டே போனாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிற அளவுக்குக் கிட்டே. அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை மகனே. குழந்தைகள் இப்படித்தான், எதைக் கண்டாலும் தன்னுடையது என்னும் என்று நினைத்தேன். உன் அம்மா எவ்வளவு மக்கு பார்!

யார் வரைந்தது என்று கேட்டாள். என் மகன் என்றேன், காலையிலிருந்து இருபது பேரிடம் சொன்ன மாதிரியே. எங்கே இருக்கிறார் என்றாள். வெளியூரில் வேலை என்றேன். “இந்த சைக்கிளை அவரு எங்க பார்த்தாராம்?” என்றாள். என் வீட்டுக்காரர் சைக்கிள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்தாள். குழந்தைக்கு நாலு வயசு ஆனபோது அவள் வீட்டுக்காரர் வேன் மோதி இறந்துபோனார், சைக்கிளை மட்டும் வளைந்தபடி திருப்பிக் கொடுத்தார்கள், மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது என்றாள். சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொன்னாள். நீ ஓட்டிய வேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழக்கு நடந்த நாட்களில் அவள் ஒருநாளும் வரவில்லை, அவளுடைய அண்ணன்தான் வருவார், உனக்கு நினைவிருக்கும். அதனால் அவளுக்கு என் முகம் தெரியாது. எனக்கும் அவள் முகம் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடி ஒளிந்திருப்பேனோ என்னவோ.

அவளுக்கு நீ யார் என்பதில்கூடப் புத்தி போகவில்லை. அவள் விரல் கண்ணாடிமேல் ஓர் இடத்திலேயே நின்றது. கைப்பிடியில் தொங்குகிற அந்தப் பையின் காதில். “இதுக்குக் கீழ பை இருக்கணுமே, எங்க?” என்றாள். அட்டைக்குள் போய்விட்டது என்றேன். “கொஞ்சம் எடுத்துக் காட்டுறீங்களா? பையை மட்டும் பார்த்துட்டுக் குடுத்துடுறேன்” என்றாள். எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றைக்குக் காலையில் இருவருக்கும் சண்டையாம். அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று ஒன்றுமில்லாத சண்டை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டு ணங்கென்று வைத்திருக்கிறாள். “அவரு வாயால சமாதானம் பேசவே மாட்டாரும்மா. கோபம் இருந்தா டப்பாவைத் திறக்காம அப்படியே சாயங்காலம் கொண்டாந்து வச்சிடுவாரு. கோபம் போயிருச்சுன்னா காலி டப்பாவா வரும். எங்க வீட்டுல அவ்வளவுதான் பேச்சு” என்றாள். வேலை முடிந்து வரும் வழியில்தான் அது நடந்தது. சைக்கிள் வந்தது, பை வரவில்லை. யார் எடுத்தார்களோ, எங்கே விழுந்ததோ. இரண்டரை வருஷமாக அவள் அந்த டப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தட்டில் சாப்பாட்டைப் போட்டால் அதுதான் நினைவுக்கு வருகிறதாம்.

அட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்தால் முத்திரை தெரியும், முத்திரை தெரிந்தால் எல்லாம் தெரியும். பிரேமில் ஆணி இறுகிவிட்டது, கழற்ற வராது என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவள் நம்பிப் போயிருப்பாள். பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை. படத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்துப் போட்டு, என் கத்தரிக்கோல் முனையால் ஆணிகளை நெம்பினேன். டீச்சர் ஓடிவந்து என்ன என்ன என்றார்.

அட்டை விலகியதும் முத்திரை வந்தது. பை அதற்கு அடியில் இருக்கிறது, ஆனால் பை தெரியவில்லை. ஐயா நன்றாக அழுத்திக் குத்தியிருக்கிறார். ஊதா மை ஊறி, உப்பியிருக்கிறதா தொங்கிக் கிடக்கிறதா என்று ஒன்றும் சொல்ல முடியாமல் பரவியிருக்கிறது. அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலை எச்சில் தொட்டுத் துடைத்துக்கூடப் பார்த்தாள். இன்னும்தான் பரவியது.

சிறுமி மேஜையில் எக்கி நின்று அந்த வட்டத்தைச் சுற்றித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தாள். “சிறைச்...சா...லை. அம்மா, சிறைச்சாலைன்னா என்ன?” என்றாள்.

அந்தச் சொல்லை இத்தனை நாள் நான் வாயால் சொன்னதில்லை, உனக்கு எழுதியதுமில்லை. ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கேட்க வேண்டுமென்று இருந்திருக்கிறது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “அவனா?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன், முழங்கால் மடங்கவில்லை. அறைவாள் என்று காத்திருந்தேன், அறையட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். அவள் அறையவில்லை. முத்திரையின்மேல் விரலை வைத்து, “அவன்தான் சைக்கிளைத் தூக்கி ஓரமா சாத்தி வச்சான்னு அண்ணன் சொன்னாரு” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?” என்றாள்.

சுவரில் அந்தத் தலைப்பு அட்டை மட்டும் தனியாக ஒட்டியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய், அதைப் பிய்க்கக் கையை வைத்தேன். சிறுமி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “ஏன் எடுக்கிறீங்க? சரியாத்தானே எழுதியிருக்கு?” என்றாள். அட்டையை அப்படியே விட்டுவிட்டேன். படத்தையும் முத்திரையோடு அங்கேயே மாட்டியிருக்கிறோம். மாட்டச் சொன்னவள் அவள்தான். டீச்சர் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது அவள் படிக்கட்டில் நின்று, “சனிக்கிழமை சனிக்கிழமை பாப்பாவுக்குப் புத்தகம் எடுக்க வருவோம். கேட்டுச் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இந்த இரண்டு ராத்திரியும் தூங்கியாவது இருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இனி எனக்கு என்ன. விபத்து நடந்த அன்றைக்கு உனக்குப் போன் செய்தது நான். சாப்பிட வீட்டுக்கு வருவாயா, எடுத்து மூடி வைக்கவா என்று கேட்கத்தான். நீ போனை எடுத்து “வரேன்மா” என்றாய், அப்புறம் அந்தச் சத்தம். வக்கீல் சொல்லாதீர்கள் என்றார், நான் சொல்லவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு அங்கே போனாய். ஐயா இதைப் படித்தால் படிக்கட்டும், யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும். அவளிடம் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், தொண்டை வரைக்கும் வந்தது. அவள் வீட்டுச் சாப்பாட்டுக் கதையைக் கேட்டபிறகு என் வீட்டுச் சாப்பாட்டுக் கதையை எப்படிச் சொல்வேன்?

மகனே, நீ அந்தச் சைக்கிளை உன் இரண்டு கையாலும் தூக்கினாய். வாத்தின் கண் வரைக்கும் உனக்கு நினைவிருக்கிறது. பை கனத்ததா? லேசாக ஆடியதா? உள்ளே டப்பா வெறுமனே உருண்டு சத்தம் கேட்டதா? நன்றாக யோசித்து, எது நடந்ததோ அதை எழுது. காலியாக இருந்தது என்று எழுதிவிடேன் என்று சொல்லக் கை துடிக்கிறது. நான் சொல்லவில்லை. அவள் வந்து கேட்கும்போது உன் வரியை அப்படியே அவள் கையில் கொடுப்பேன், என் வாயால் சொல்ல மாட்டேன். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுது. அதையும் கொடுப்பேன்.

சனிக்கிழமைதோறும் நான் அந்த மாடியில் இருப்பேன். கண்காட்சி முடிந்து சுவர் காலியானபிறகும் கீழே நூலகத்து வாசலில் இருப்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை, வேண்டிக்கொள்கிறேன்.

உன்
அம்மா

பின்குறிப்பு: இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு. உங்கள் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முத்திரை குத்தாமல் அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. என் மகன் பதிலில் ஒரு பையைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பான். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், தாளில் எவ்வளவோ இடம் இருக்கும், அந்த ஒரு வரியின்மேல் மட்டும் குத்திவிடாதீர்கள்.